டிரைவர் துடைத்த எஞ்சின்

இருபத்தாறு வருடம் வாடகைக் கார் ஓட்டியவருக்குச் சர்க்கரை நோயில் இரண்டு கண்ணும் போய்விட்டன. காரை வாங்குபவர் வருவதற்குள் எஞ்சினைத் தானே துடைப்பேன் என்று ஒற்றைக்காலில் நின்றார். வாசலில் பானெட்டைத் திறந்து, பேட்டரி ஒயரைக் கழற்றி, ஃபியூஸ் பெட்டியைப் பிளாஸ்டிக் பையால் மூடினார். பழைய பல் பிரஷால் எண்ணெய்ப் பிசுக்கைத் தடவித் தடவிச் சுரண்டினார்.

"பளிச்சுனு இருக்கா?"

"கண்ணாடி மாதிரி இருக்குங்க," என்றாள் மனைவி.

அவர் ஒரு மூலையில் விரலை விட்டார். "இங்க இவ்வளவு அழுக்கு இருக்கே. உனக்கும் கண்ணு போயிடுச்சா?"

அவள் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போனாள்.

மாலையில் வந்தவர் எஞ்சினைப் பார்த்து அசந்துபோனார். "புதுசு மாதிரி வச்சிருக்கீங்க. ஏன் விக்கிறீங்க?"

குரல் வந்த பக்கம் முகத்தைத் திருப்பினார் டிரைவர்.

"ஓட்ட ஆளில்லைங்க," என்றார்.