வைப்பரின் மேல் போட்ட பழி

என் காரின் வைப்பரை மின்சாரத்துக்கு மாற்றிவிட்டேன். பழைய கார் வைத்திருப்பவர்கள் இதை வாசித்தால் முகம் சுழிப்பார்கள். சுழிக்கட்டும். உள்ளே தகட்டில் இரண்டு துளை போட்டிருக்கிறேன். கழற்றியதை ஒரு பிஸ்கற் பெட்டியில் வைத்திருக்கிறேன். திருப்பிப் பூட்டுவதாக இல்லை.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஐம்பதுகளில் இங்கிலாந்திலிருந்து வந்த அந்தக் காரில் வைப்பருக்கு மின்மோட்டர் கிடையாது. எஞ்சின் காற்றை உள்ளிழுக்கும்போது உண்டாகும் வெற்றிடம் ஒரு ரப்பர் குழாய் வழியாக வந்து வைப்பரை ஆட்டும். அக்சிலறேற்றரை அழுத்தி மிதித்தால் அந்த இழுவை குறையும். வைப்பர் சோர்ந்து கண்ணாடியின் நடுவில் நின்றுவிடும். காலை எடுத்தால் மறுபடி அடிக்கும். முப்பது வருடம் பௌதிகவியல் படிப்பித்தவன் நான். இதைக் கரும்பலகையில் படம் கீறி விளக்கியிருக்கிறேன். தெரியாமல் செய்தேன் என்று சொல்ல எனக்கு வழியில்லை.

யுத்த காலத்தில் குடாநாட்டில் பெற்றோலுக்குத் தட்டுப்பாடு. மண்ணெண்ணெயில்தான் கார் ஓடியது. சில துளி பெற்றோல் விட்டு ஸ்ராட் பண்ணி, எஞ்சின் சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவோம். அப்படி ஓடும்போது காலை எடுத்தால் எஞ்சின் நின்றுவிடும். நின்றால் மறுபடி எழுப்புவது பெரும் பாடு. அதனால் அந்த நாட்களில் இங்கே கார் ஓடியவர்களின் வலது கால் மிதித்தபடியே இருக்கப் பழகிவிட்டது. பெற்றோல் வந்த பிறகும் என் கால் அந்தப் பழக்கத்தை விடவில்லை. மழை பெய்தால் பக்கத்து இருக்கையிலிருந்து மனைவி, "காலை எடுங்கோ" என்பாள். எடுப்பேன். வைப்பர் நாலு தரம் அடிக்கும். மறுபடி மிதிப்பேன். மறுபடி சொல்லுவாள். வருடக்கணக்காக இப்படித்தான் மழையில் ஓடினோம்.

ஆறு வருடத்துக்கு முன், ஒரு கார்த்திகை மாதம், காங்கேசன்துறையில் கலியாண வீடொன்றுக்குப் போய்விட்டுத் திரும்பிக்கொண்டிருந்தோம். பின் இருக்கையில் மனைவியின் தமையன். மானிப்பாய்க்குக் கிட்ட வரும்போது மழை ஊற்றியது. முன்னால் ஒரு பஸ், சேற்றுத் தண்ணீரை எங்கள் கண்ணாடியில் அள்ளி அடித்துக்கொண்டு போனது.

"இஞ்சாருங்கோ, காலை எடுங்கோ."

பின்னாலிருந்து மச்சான் சிரித்தார். "என்ன மச்சான், கார் ஓடுறது நீரோ, தங்கச்சியோ?"

நான் இன்னும் அழுத்தி மிதித்தேன். அது மண்ணெண்ணெய்க் காலத்துப் பழக்கம் அல்ல. அவள் சொன்னாள் என்பதற்காக, அவர் சிரித்தார் என்பதற்காக, தெரிந்துகொண்டே மிதித்தேன். பஸ்ஸை முந்தக் காரை வலப்பக்கம் எடுத்தேன். வைப்பர் நடுவில் நின்றது. கண்ணாடி முழுக்க வெறும் தண்ணீர். எதிரே ஏதோ வெளிச்சம் வர, பஸ்ஸுக்குப் பின்னால் இடப்பக்கம் வெட்டினேன். மதகுக் கட்டில் மோதினேன். அவள் முன்னால் கையை ஊன்றியிருந்தாள். வலது மணிக்கட்டு இரண்டு இடத்தில் முறிந்தது.

குடையோடு ஓடி வந்தவர்களிடம் நான் சொன்ன முதல் வார்த்தை, "வைப்பர் நிண்டிட்டுது." பொலிசிலும் அதையே சொன்னேன். பார்க்க வந்த உறவினர்களுக்கும் அதையே சொன்னேன். மச்சானே சாட்சி, நின்ற வைப்பரை அவரும் கண்ணால் கண்டவர். மனைவி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். மறுக்கவில்லை.

அவளுடைய கை கோணலாகத்தான் பொருந்தியது. துணி பிழிய முடியாது. தலை பின்னப் பக்கத்து வீட்டுக்குப் போவாள். அதன் பிறகு அவள் என் காரில் ஏறவில்லை. கைக்குப் பயிற்சி எடுக்கப் போவதென்றாலும் கோயிலுக்குப் போவதென்றாலும் பஸ்தான். இடக்கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்று போவாள். நான் வெறும் காரை ஓட்டிக்கொண்டு திரிந்தேன்.

வைப்பரை மாற்றினால் ஏறுவாள் என்று நினைத்தேன். இந்த வருடம் மழைக்கு முன்னரே மானிப்பாயில் ஒரு கார் எலெக்றீசியனிடம் விட்டேன். உடைத்து விற்ற ஒரு சின்ன ஜப்பான் காரின் மோட்டரை அவர் எடுத்து வைத்திருந்தார்.

"மாஸ்டர், உங்கடை காரிலை பொசிற்றிவ் வயர்தான் கார்த் தகட்டோடை பூட்டிக் கிடக்கு. இந்த மோட்டருக்கு நெகற்றிவ். தகட்டிலை முட்டினால் வயர் எரியும்" என்று சொல்லி, பழைய சைக்கிள் ரியூப்பை வெட்டி மோட்டரின் உறைக்கும் தகட்டுக்கும் இடையில் வைத்தார். ரப்பர் குழாயைக் கழற்றிய இடத்தை, எஞ்சின் வீண் காற்றை இழுக்காதபடி, பித்தளை ஆணி போட்டு அடைத்தார்.

மச்சான் பக்கத்தில் நின்று புறுபுறுத்தார். அவருக்குப் பழைய கார்ப் பைத்தியம். "உமக்கு விசரே மச்சான்? உந்த வைப்பரை வெட்டினால் பழைய கார் ஊர்வலத்திலை ஒருத்தரும் உம்மடை காரைத் திரும்பிப் பாக்கமாட்டினம்."

"பாக்காட்டில் விடட்டும்."

"ஒறிஜினல் எண்டால் ஒறிஜினல்தான்."

எலெக்றீசியன் தலையை நிமிர்த்தாமலே, "ஐயா, உங்கடை பல்லு ஒறிஜினலே?" என்று கேட்டார். மச்சான் கட்டுப் பல் தெரியாமல் உதட்டை இறுக்கிக்கொண்டார்.

வீட்டு முற்றத்தில் காரை நிறுத்திக் குழாய்த் தண்ணீரைக் கண்ணாடியில் அடித்தேன். சுவிச்சைப் போட்டேன். எஞ்சின் அலற மிதித்தும் வைப்பர் ஒரே சீராக அடித்தது. விறாந்தையில் நின்ற மனைவி பார்த்தாள்.

"வடிவாய்த்தான் அடிக்குது" என்றாள்.

"இனிப் பயமில்லை. நீர் ஏறும்."

"ஏன் மாத்தினனீங்கள்?"

"அது அண்டைக்கு நிண்டபடியாலைதானே..."

"உந்தக் கதையைத்தான் சொல்லுறன். இவ்வளவு நாளும் வாயாலை சொன்னனீங்கள். இப்ப காரிலை ஓட்டையும் போட்டாச்சு. பாக்கிற ஆக்கள் எல்லாரும், ஓம், பிழை வைப்பரிலைதான் எண்டு சொல்லுவினம்."

உள்ளே போய்விட்டாள்.

முதலில் கோபம் வந்தது. வைப்பரைத் திருப்பி மாற்றட்டுமா என்றுகூட வீம்புக்கு யோசித்தேன். ஆனால் அவள் சொன்னதில் எந்த இடமும் பிழையில்லை. ஒரு பொய்யைத் தகட்டில் பூட்டி முறுக்கி வைத்திருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை மச்சான் தேத்தண்ணி குடிக்க வந்தார். மனைவியும் இருந்தாள். நான் சொன்னேன்.

"மச்சான், அண்டைக்கு வைப்பர் தானாய் நிக்கேல்லை. இவ காலை எடுக்கச் சொன்னா. நீர் சிரிச்சீர். எனக்கு ரோசம் வந்து வேணுமெண்டு மிதிச்சனான். பிழை முழுக்க என்ரை. ஆறு வருசமாய்ப் பொய் சொன்னனான்."

மச்சான் கோப்பையைக் கீழே வைத்தார். "அப்ப வைப்பரிலை ஒரு பிழையும் இல்லையே?"

"இல்லை."

"பின்னை என்ன கோதாரிக்கு அந்த நல்ல சாமானை வெட்டி எறிஞ்சனீர்?"

மனைவி நிமிர்ந்தாள். "அண்ணை, என்ரை கையைப் பற்றி ஒரு சொல்லுக் கேக்கமாட்டியளோ?"

அவர் அவளுடைய கையைப் பார்த்தார். தேத்தண்ணியை அப்படியே வைத்துவிட்டு எழும்பிப் போனார்.

போனவர் ஊர் முழுக்கச் சொல்லிவிட்டார். கடையில் என்னைக் கேட்கிறார்கள். ஓம் என்கிறேன். வயது போன காலத்தில் இதைக் கிளறுவானேன் என்று சிலர் புத்தி சொல்கிறார்கள். அவர்களுக்குச் சொல்கிறேன்: முறிந்தது உங்கள் கையல்ல, சொல்லாமல் இருந்ததும் நீங்களல்ல. நான் மன்னிப்பு வாங்குவதற்காக இதை எழுதவில்லை. பழி எங்கே கிடக்க வேண்டுமோ அங்கே கிடக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன். புது வைப்பரும் இருக்கத்தான் போகிறது. நல்லவன் ஆகிவிட்டேன் என்று என் காலை நம்ப நான் தயாரில்லை.

மனைவி இன்னும் ஏறவில்லை. நாளைக்குப் பண்டத்தரிப்பில் தமக்கை வீட்டுக்குப் போக வேண்டும் என்று காலையில் சொன்னாள். எப்போதும் கேட்பதுபோல, பஸ் எத்தனை மணிக்கு என்று மட்டும் இந்த முறை கேட்கவில்லை.