உடுமலைச் சாலையில் ஒரு கல்

மார்ச் 14, வெள்ளி, பிற்பகல் 2.10. அனல் காற்று. கார் சூடேறி நின்றுவிட்டது. எட்டு மாதக் கர்ப்பிணியான மகளைச் சாலையோரக் கல் பெஞ்சில் உட்கார வைக்கிறேன். இரண்டு கால், மேலே ஒரு பலகைக்கல்; ஒரு வெடிப்பும் இல்லை.

"அது பெஞ்சு இல்லீங்க, சுமைதாங்கி," என்கிறார் பக்கத்தில் பூ விற்கும் அம்மாள். "நெஞ்சளவு இருந்ததுங்க. ரோட்டை ஏத்தி ஏத்தி இப்படி ஆயிப்போச்சு. பிரசவம் ஆகாம வயித்துப் புள்ளையோட செத்தவளுக்கு வெச்சதுங்க."

மகளின் கையைப் பிடித்து இழுக்கிறேன்.

"ஏனுங்கய்யா, புள்ளைய எதுக்கு இழுக்கறீங்க? அவளால எறக்கி வெக்க முடியலைன்னுதான், மத்தவங்களாவது தலைச்சுமைய எறக்கி வெக்கட்டும்னு இதை வெச்சாங்க. நீ உக்காரு அம்மணி."

மகள் எழ மறுக்கிறாள். கல்லுக்கு இரண்டு முழம் பூ வாங்குகிறேன். பேரம் பேச வாய் வரவில்லை. எண்பது ரூபாய்.