திட்டுவதற்காகக் கட்டிய பக்கம்

மன்னிப்பதைப் பற்றி எங்கள் கோயில் ஃபாதர் பிரசங்கம் வைக்கும்போதெல்லாம் நான் ஒழுங்காகத் தலையாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். ஆனால் ஈஸ்வரமூர்த்தி என்ற பெயரைக் கேட்டால் இன்றைக்கும் எனக்குக் காதுமடல் சுடும். அந்த ஆள் எனக்கு ஒரு கெடுதலும் செய்ததில்லை. செய்ததெல்லாம் கோமளாவுக்கு. இருந்தாலும் சிலருடைய பகையை நம்முடையதாகவே எடுத்துக்கொள்வோம் இல்லையா, அப்படி.

கோமளா பெரியநாயக்கன்பாளையத்துப் பெண். அப்பா ஒரு பட்டறையில் லேத் ஓட்டும் டர்னர். பாலிடெக்னிக் முடித்த கையோடு பீளமேட்டில் ஈஸ்வரமூர்த்தியின் கம்பெனியில் டிசைனராகச் சேர்ந்தாள். குழந்தைகளுக்கான பனியன்களில் படம் அச்சடித்து வெளிநாட்டுக்கு அனுப்பும் கம்பெனி. அங்கே அவள் ஒரு குதிரைக்குட்டியை வரைந்தாள். அவளுடைய மாமா மாட்டு வியாபாரி. ஆடி மாதம் அந்தியூர் சந்தைக்குப் போகும்போது சின்ன வயதிலிருந்தே இவளையும் கூட்டிப்போவார். மற்றவர்கள் பெரிய குதிரைகளைச் சுற்றி நிற்க, இவள் குட்டிகளின் பக்கத்திலேயே நிற்பாளாம். அப்படிப் பார்த்துப் பார்த்து வந்த குட்டி அது. ஒரு காது மடங்கியிருக்கும், கால்கள் நாலும் நாலு திசைக்குப் போகும், முகத்தில் மட்டும் ஒரு பெரிய மனுசத் தோரணை. ஒவ்வொரு சீசனுக்கும் குட்டி ஒரு புது இடத்துக்குப் போகும். டென்மார்க்கில் பிள்ளைகள் அதற்காகவே பனியன் வாங்கினார்கள்.

தொண்ணூற்றேழில் ஏதோ ஒரு சங்கத்தின் ஆண்டு விழாவில் சிறந்த டிசைனுக்கான கேடயத்தை ஈஸ்வரமூர்த்திக்குக் கொடுத்தார்கள். அவர் மேடையேறி, அந்தக் குட்டி தன் கனவில் வந்ததாகச் சொன்னார். கோமளா கீழே மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து கை தட்டிக்கொண்டிருந்தாள். தட்டுவதை எப்போது நிறுத்தினாள் என்று அவளுக்கே தெரியாதாம்.

மறுநாள் போய்க் கேட்டாள். படத்துக்குக் கீழே ஒரு ஓரமாகத் தன் பெயரைப் போடலாமா என்றுதான் கேட்டாள், வேறொன்றும் கேட்கவில்லை.

"பொம்பளப் புள்ளைக்குப் பேரெல்லாம் என்னத்துக்குங்க அம்மணி?" என்றார் அவர், சிரித்துக்கொண்டே. "நாளைக்கே ஒரு எடத்துல கட்டிக்குடுத்துட்டா நீங்க அங்க, குதிர இங்க."

வேலையை விட்டுவிட்டாள். அதோடு போயிருந்தால் நானும் இதை எழுதிக்கொண்டிருக்க மாட்டேன். அந்த ஆள் கோயமுத்தூரிலும் திருப்பூரிலும் தனக்குத் தெரிந்த அத்தனை கம்பெனிகளுக்கும் போன் போட்டு, கோமளா டிசைன்களைத் திருடிக்கொண்டு ஓடிவிட்டாள் என்று சொல்லிவைத்தார். அதற்கப்புறம் அவள் வேலை கேட்டுப் போன இடத்திலெல்லாம் உட்கார வைத்தார்கள், காப்பி கொடுத்தார்கள், "பின்னால சொல்லியனுப்பறோமுங்க அம்மணி" என்று வாசல்வரை வந்து வழியனுப்பினார்கள். எங்கள் ஊரில் கதவைச் சாத்துவதும் மரியாதையாகத்தான் நடக்கும். ஒருத்தரும் சொல்லியனுப்பவில்லை.

அப்போது நான் கவுண்டம்பாளையத்தில் ஒரு கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருந்தேன். டைப் அடிப்பது, வகுப்பு எடுப்பது, புதிதாக இன்டர்நெட் வேறு. கோமளா பயோடேட்டா அடிக்க வந்தவள், அடித்துக்கொண்டிருக்கும்போதே அழுதுவிட்டாள். விஷயத்தைக் கேட்டதும் எனக்கு ரத்தம் கொதித்தது. அவள் எழுதிக் கொண்டுவந்த பயோடேட்டாவைக் கிழித்துப் போட்டேன்.

"வெப்சைட் ஒண்ணு கட்டுவோம். ஒலகமே பாக்கற மாதிரி அந்தாளு மானத்த வாங்கிப்போடலாம்" என்றேன்.

"அப்படியெல்லாம் செய்ய முடியுங்களாக்கா?"

"முடியும்." எனக்கே பாதிதான் தெரியும். புத்தகத்தைப் பார்த்துப் பார்த்துச் செய்தோம்.

முதல் பக்கம் எப்படி இருந்தது என்று இப்போது நினைத்தாலும் கண் கூசுகிறது. கறுப்புப் பின்னணி, ரத்தச் சிவப்பில் எழுத்து, தலைப்பு விட்டுவிட்டு மின்னும். அந்த ஆளின் கேட்லாக்கிலிருந்து குட்டியின் படங்களை ஸ்கேன் செய்து போட்டோம். ஒவ்வொரு படத்துக்கு மேலும் அவர் பெயரையும் கம்பெனி பெயரையும் பெரிய ஆங்கில எழுத்தில் போட்டோம், திருடன் யார் என்பதில் யாருக்கும் சந்தேகம் வரக்கூடாது அல்லவா? ஆனால் திட்டு மட்டும் இங்கிலீஷில் வரவில்லை. கோமளா எழுதிப் பார்த்தாள், லீவ் லெட்டர் மாதிரி இருந்தது. கடைசியில் தமிழிலேயே, அவள் கையெழுத்திலேயே ஆசைதீரத் திட்டி, அதையும் படமாக ஸ்கேன் செய்து ஏற்றினோம். பொய்யன், அடுத்தவள் விரலை வெட்டி மோதிரம் போட்டவன் என்றெல்லாம் எழுதியிருந்தாள். படிக்கப் படிக்க எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

சில மாதம் கழித்து ஒருநாள் ஈஸ்வரமூர்த்தியே என் சென்டருக்கு வந்தார். வெள்ளை வேட்டி சட்டை, கையில் ஆப்பிள் பை. கோமளாவும் இருந்தாள். நான் கதவோரம் கிடந்த விளக்குமாற்றை ஒரு கண்ணால் பார்த்துக்கொண்டேன்.

"ஏனுங்க அம்மணி, சௌக்கியங்களா? நம்ம கம்பெனிக்குப் பெரிய ஒத்தாச பண்ணிப்போட்டீங்க."

எனக்குப் புரியவில்லை. அவரே விளக்கினார். வெளிநாட்டுக்காரர்கள் கம்ப்யூட்டரில் குழந்தைகள் பனியன், கோயமுத்தூர் என்று போட்டுத் தேடினால் முதலில் வருவது எங்கள் பக்கம்தானாம். அதில் படம் இருக்கிறது, கம்பெனி பெயர் பெரிதாக இருக்கிறது. தமிழ் அவர்களுக்கு யாருக்குப் படிக்கத் தெரியும்? சரக்கு வாங்குகிற பையர்கள் புதிதாக இரண்டு பேர் அதைப் பார்த்துத்தான் வந்தார்களாம். படிக்கத் தெரிந்த உள்ளூர்க்காரர்களிடமோ இன்டர்நெட் இல்லை. அந்தப் பக்கத்தைக் கலர் பிரிண்ட் எடுத்து ஆபீஸில் மாட்டியிருப்பதாகவும் சொன்னார்.

"அந்தச் செவப்பு எழுத்து பூ டிசைனாட்டம் அழகா இருக்குதுன்னு வெள்ளக்காரர் சொன்னாருங்க" என்று சொல்லி ஆப்பிளை மேசையில் வைத்துவிட்டுப் போனார்.

நான் ஒரு ஆப்பிளை எடுத்துச் சுவரில் அடித்தேன். கோமளா அழவில்லை. திரையில் அந்தக் கறுப்புப் பக்கத்தைத் திறந்து வைத்து, "எல்லாத்தையும் எடுத்துருங்கக்கா" என்றாள்.

"திட்டை இங்கிலீசுல போடலாம்."

"வேண்டாங்கக்கா. அந்தாளு பேரு ஒரு எடத்துலயும் வரக்கூடாது. நம்மளே அவரச் சுமந்துட்டுத் திரியறோம்."

எனக்கு மனசே இல்லை. பழிவாங்கும் பக்கத்தில் எதிரியின் பெயர் இல்லாவிட்டால் அது என்ன பழி என்று வாதாடினேன். அவள் கேட்கவில்லை. அவளுடைய ஆத்திரம் என்னுடையதைவிட ஆழமானது என்று அன்றைக்குத்தான் பார்த்தேன். என்னுடையது ஆப்பிளோடு போய்விடும் ரகம்.

இரண்டாவது பக்கத்தை வெள்ளைப் பின்னணியில் கட்டினோம். அச்சுக்கான பழைய ஃபிலிம் எல்லாம் அந்த ஆளிடம் இருந்ததால் கோமளா குட்டியை முதலிலிருந்து மறுபடி வரைந்தாள். முதலில் பென்சிலில், பிறகு ஒவ்வொரு நிறத்துக்கும் தனித்தனியாக, எல்லாம் சேர்ந்தால் குட்டி. எப்படி வரைந்தாள் என்பதை அப்படியே வரிசையாக ஏற்றினோம். மேலே கோமளா என்று ஒரே ஒரு பெயர். கீழே போன் நம்பர். அவள் வீட்டில் போன் கிடையாது, அதனால் அப்போது எல்லாரும் செய்ததுபோலப் பக்கத்து வீட்டு நாச்சியம்மாளின் நம்பரைப் போட்டு, முன்னால், கூப்பிட்டால் ஆளை அழைத்துவருவார்கள் என்ற அர்த்தத்தில் பி.பி. என்றும் போட்டோம். டென்மார்க்கில் இருப்பவனுக்கு பி.பி. என்றால் என்னவென்று தெரியுமா என்று எங்கள் இரண்டு பேருக்கும் தோன்றவேயில்லை.

டென்மார்க்கிலிருந்து போன் வந்தது. ஈஸ்வரமூர்த்தியின் பழைய பையரேதான். நாச்சியம்மாள் எடுத்திருக்கிறார்.

"ஏதோ தஸ்ஸு புஸ்ஸுன்னு பேசுனாருங்க. கோமளாங்கற பேரு மட்டும் வெளங்குச்சு" என்று அப்புறம் எங்களிடம் சொன்னார். "சித்த இருங்க சாமி, கூட்டியாறேன்னு சொல்லிப்போட்டு, போன மேசைல வெச்சுட்டு ஓடியாந்தேன்."

கோமளா அப்போது தலைக்குக் குளித்துக்கொண்டிருந்தாள். ஈரத்தலையோடு அவள் ஓடி வந்து சேரும்வரை அந்த டென்மார்க்காரர் நாச்சியம்மாள் வீட்டுக் குக்கர் சத்தத்தையும் கோழிச் சத்தத்தையும் கேட்டுக்கொண்டிருந்திருப்பார். இவள் ரிசீவரை எடுத்தபோது லைன் செத்துக் கிடந்தது. மறுபடி கூப்பிடவில்லை. கோமளா ஒரு வாரம் என் சென்டர் பக்கமே வரவில்லை. நாச்சியம்மாள் மட்டும் தினமும் போன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார், பாவம்.

அந்த வாரத்தில்தான் அவள் மூன்றாவது பக்கத்தை யோசித்திருக்கிறாள். வந்தபோது கையில் ஒரு கட்டுத் தாள். குட்டி இதுவரை போகாத இடங்கள் அத்தனையும் அதில் இருந்தன. பொள்ளாச்சிச் சந்தையில் தேங்காய்க் குவியலின் மேல் ஏறி நிற்கிறது, டவுன் பஸ் படிக்கட்டில் தொங்குகிறது, மழையில் ஒரு எருமையின் அடியில் ஒதுங்கி நிற்கிறது. குட்டியை அமுக்கினால் அடுத்த பக்கத்துக்கு நடந்து போகிற மாதிரி கட்டச் சொன்னாள். போன் நம்பரை எடுத்துவிட்டு என் சென்டரின் ஈமெயிலைப் போட்டோம்.

"அந்தாளு கிட்ட இருக்கறது குட்டி போன வழி. இனிப் போற வழி எங்கிட்டத்தான் இருக்குதுங்கக்கா" என்றாள்.

அது உண்மையாகவே அவர் கழுத்தைப் பிடித்தது. கோமளா போனபிறகு அவர் இரண்டு பேரை வைத்து வரையப் பார்த்திருக்கிறார். அந்தியூர்க் குட்டி கழுதையாகிவிட்டது. அதன் சாம்பிளை நான் பின்னால் பார்த்தேன்; நல்ல கழுதைகூட இல்லை. தொண்ணூற்றொன்பது ஆரம்பத்தில் டென்மார்க்கிலிருந்து ஈமெயில் வந்தது. கழுதைச் சாம்பிளைப் படமாக அனுப்பி, உங்கள் கைக்கு என்ன ஆயிற்று என்று கேட்டிருந்தார்கள். கோமளா பதிலில் அந்த ஆளைப் பற்றி ஒரு வார்த்தை எழுதவில்லை. அது என் கை அல்ல, என் கை இங்கே இருக்கிறது என்று எழுதி, தேங்காய்க் குவியல்மேல் நிற்கும் குட்டியையும் கூட அனுப்பினாள். நான் இன்னும் நாலு வரி சேர்க்கச் சொன்னேன், மறுத்துவிட்டாள்.

ஆர்டர் திருப்பூரில் தனபால் என்பவருடைய யூனிட்டுக்குப் போனது. கோமளா வரைய வேண்டும் என்பது பையர் போட்ட கண்டிஷன். பனியனின் கழுத்துப் பட்டியில் வரைந்தது கோமளா என்று அச்சடித்தார்கள். அவள் முதல் பனியனைக் கொண்டுவந்து என் மேசையில் விரித்தபோது நாங்கள் இரண்டு பேரும் படத்தைப் பார்க்கவில்லை, பட்டியைத்தான் பார்த்தோம்.

அந்த வருடம் தீபாவளி முடிந்து ஈஸ்வரமூர்த்தி மறுபடி வந்தார். இந்தத் தடவை பழமில்லை. சட்டை கசங்கியிருந்தது. டென்மார்க்காரர் போனதைப் பார்த்து மற்ற பையர்களும் ஒவ்வொருவராக நழுவிவிட்டார்களாம். கோமளா குட்டியின் அடுத்த பயணத்தை ஸ்கேன் செய்துகொண்டிருந்தாள். "வாங்க, உக்காருங்க" என்று நாற்காலியைக் காட்டிவிட்டு வேலையைத் தொடர்ந்தாள்.

"நெட்டுல தேடுனா நம்ம கம்பெனி பேரே வரமாட்டேங்குதுங்க அம்மணி."

"நீங்களும் ஒரு பேஜ் போட்டுக்கலாமுங்களே" என்றேன் நான். எனக்கு வாய் சும்மா இருக்காது.

"போட்டமுங்க. பேரப் போட்டோம், அட்ரஸப் போட்டோம்." கசங்கிய சட்டையை நீவிவிட்டுக்கொண்டார். "படத்துக்குத்தான் என்ன போடறதுன்னு தெரியலைங்க."

எனக்கு அந்த நிமிடம் எவ்வளவு இனித்தது என்று மறைக்க மாட்டேன். ஃபாதரிடம்கூட இதை நான் பாவமாகச் சொன்னதில்லை.

அவர் கோமளாவின் பக்கம் திரும்பினார். "அம்மணி, அந்தப் பழைய பக்கத்தையே திரும்பப் போட்டுருங்களேன். அந்தக் கறுப்புப் பக்கம். அதுல நம்ம பேரு இருந்துச்சுங்க. திட்டியிருந்தாலும் பரவால்லீங்க. இன்னும் நாலு வார்த்த சேத்துக்கூடத் திட்டிக்குங்க."

ஸ்கேனர் விளக்கு ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை போய்த் திரும்பி வந்தது. கோமளா தாளை எடுத்து அடுத்த தாளை வைத்தாள்.

"உங்களைத் திட்டறதுக்கு எனக்கு நேரமில்லீங்க" என்றாள்.