வலிப் பட்டையும் நொச்சி ஒத்தடமும்

போன வருடம் மாசி மாதம், பொள்ளாச்சிக்குப் பக்கத்தில் என் அக்கா வீட்டில் நடந்தது.

அக்காவுக்குப் புற்றுநோய் முதுகெலும்புக்குப் பரவியிருந்தது. வலி மாத்திரையை விழுங்கினால் உடனே வாந்தி. அதனால் கோயமுத்தூர் ஆஸ்பத்திரியில் தோலில் ஒட்டும் பட்டை ஒன்றைக் கொடுத்தார்கள். பார்க்க பிளாஸ்திரி மாதிரிதான். தோள்பட்டையில் ஒட்டிவிட்டால் மருந்து தோல் வழியாகவே கொஞ்சம் கொஞ்சமாக ரத்தத்தில் இறங்குமாம்.

"இத்தனூண்டு காயிதமா என்ற வலிய வாங்கப்போகுது?" என்று அக்கா கேலி செய்தாள். ஆனால் மறுநாளே எழுந்து உட்கார்ந்து, ரசத்தில் உப்புப் பத்தவில்லை என்று சண்டைக்கு வந்தாள்.

எங்கள் பக்கம் உடம்பு வலித்தால் நொச்சி இலையை வதக்கித் துணியில் முடிந்து ஒத்தடம் கொடுப்போம். அதை யாரும் வைத்தியக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. அதனால் டாக்டரிடம் கேட்கவும் தோன்றவில்லை. ரசத்துக்குச் சண்டை போட்ட அன்று மத்தியானமே தோள் இழுத்துப் பிடிக்கிறது என்றாள் அக்கா. அவள் வீட்டுக்காரர், எங்கள் மாமா, வேலியோரம் நொச்சி ஒடித்து வந்தார். பட்டைக்கு மேலேயே ஒத்தி ஒத்தி எடுத்தார்.

"ஏனுங்க, கை வலிக்கலீங்களா? போதுமுங்க."

"நீ பேசாம படு அம்மணி."

அக்கா அசந்து தூங்கிவிட்டாள். எத்தனை நாள் கழித்து வந்த தூக்கம் என்று நாங்கள் பாத்திரத்தைக்கூடச் சத்தமில்லாமல் கழுவினோம்.

சாயங்காலம் காபியோடு எழுப்பப் போனேன். எழவில்லை. உலுக்கினேன். உதடு நீலம் பாரித்திருந்தது. ஒரு மூச்சு விட்டவள் அடுத்ததை விட மறந்த மாதிரி கிடந்தாள்.

பட்டை கொடுத்த ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டேன். எடுத்த நர்ஸம்மா, "பட்டை மேல சூடா ஏதாச்சும் வெச்சீங்களா?" என்றுதான் முதலில் கேட்டார். ஒத்தடத்தைச் சொன்னேன். "அதைய மொதல்ல உரிச்சு எடுங்க கண்ணு! உடனே நூத்தியெட்டக் கூப்புடுங்க. வண்டி வர்ற வரைக்கும் தட்டித் தட்டி மூச்சு உடச் சொல்லீட்டே இருங்க."

பட்டையை உரித்துவிட்டு நூற்றியெட்டைக் கூப்பிட்டேன். "மூச்சு உடு அம்மணி, மூச்சு உடு." ஆம்புலன்ஸில் ஆக்சிஜன் வைத்த பிறகும் மாமா நிறுத்தவில்லை. ஒவ்வொரு மூச்சுக்கும் இடையில் என் உயிர் போய்ப் போய் வந்தது.

பக்கத்து ஆஸ்பத்திரியில் பட்டை மருந்தின் வேகத்தை முறிக்கும் மாற்று மருந்தை நரம்பில் ஏற்றினார்கள். சற்று நேரத்தில் கண்ணைத் திறந்து, "ஏனுங்க இப்படிக் கத்தறீங்க?" என்றாள். அழுதுகொண்டே சிரித்தோம். அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் மறுபடியும் கண் சொருகியது. அளவு மீறினால் மூச்சையே அமுக்கிவிடும் மருந்து அது, சூட்டில் மளமளவென்று உள்ளே போய்விட்டது, பட்டையை எடுத்தாலும் தோலுக்கடியில் தேங்கியது இறங்கிக்கொண்டேதான் இருக்கும் என்றார் டாக்டர். திரும்பவும் ஊசி. விடியும்வரை கண்காணிப்பு. மாமா நொச்சி வாடை போகாத கைகளை வேட்டியில் துடைத்துக்கொண்டே வாசலில் நின்றார்.

அக்கா பிழைத்துக்கொண்டாள், சிகிச்சை நடக்கிறது. ஆனால் அவள் தூங்கும்போதெல்லாம் நெஞ்சு ஏறி இறங்குவதைப் பார்க்காமல் என்னால் அந்த அறையைத் தாண்ட முடிவதில்லை. பாசத்தோடு செய்வதையும் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுச் செய்யவேண்டும் என்று ஒவ்வொரு தடவையும் நினைத்துக்கொள்கிறேன்.