இடக்கை ஆட்டம் வந்த விதம்

பத்திரிகை ஆசிரியர் ஐயா, என் மகள் இன்று அயல்நாடுகளில் டென்னிஸைத் தொழிலாக ஆடுகிறாள். அவளது இடக்கை வீச்சைப் பிறவி வரம் என்று செய்தித்தாள்கள் எழுதுகின்றன. அது பிழை.

பதினான்கு வயதில் அவள் குட்டைப் பாவாடையில் ஆடியதைக் கண்டவர்கள், திருவொற்றியூரில் எங்கள் மீனவக் குப்பத்து ஊர்க்கூட்டத்தில், "பொண்ணுக்கு முழுசா துணி எடுக்க வக்கில்லியா மாமு?" என்று சிரித்தார்கள். வீடு திரும்பியதும் அவள் மட்டையை உடைக்கத் துடுப்பை ஓங்கினேன். அவள் வலக்கையால் மட்டையை மறைத்தாள். மணிக்கட்டு நொறுங்கியது.

"இன்னொரு கை கீது நைனா. அதையும் ஒட்ச்சிடு," என்றாள். அழவில்லை.

மாவுக்கட்டோடு ஐஸ் கிடங்குச் சுவரில் இடக்கையால் அடித்துப் பழகினாள். இன்று தோளுக்கு மேல் ஓங்கி அவள் பந்தை அறைகையில் எதிராளிகள் பின்வாங்குகிறார்கள். அன்று நான் துடுப்பை ஓங்கியதும் தோளுக்கு மேல் அப்படித்தான்.

பேட்டிகளில் அவள் இதைச் சொல்வதில்லை. ஆகவே நானே எழுதினேன். இத்தாளைத் தயவுசெய்து பத்திரமாக வைத்திருங்கள்.