மூன்று நாள் தீட்டும் சத்தமில்லாத பேஸ்பாலும்

அப்பா இறந்தபின் கருமாதி முடியும்வரை பதினாறு நாள் எங்கள் வீட்டில் டிவி போடவில்லை. அமெரிக்காவிலிருந்து வந்திருந்த தம்பி, கூடத்து மேசையில் லேப்டாப்பை வைத்து, சத்தத்தை முழுதாக நிறுத்திவிட்டு, பேஸ்பால் வீடியோ கேம் ஆடிக்கொண்டிருந்தான். திருக்காட்டுப்பள்ளிக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊரில் அந்த ஆட்டத்தை யாரும் பார்த்ததில்லை.

“இழவு வீட்டுல என்னடா இது?” என்று அவன் ஆட உட்கார்ந்த முதல் நாள் சித்தப்பா கேட்டார். அப்பாவின் தம்பி. அடுத்த வீட்டுக்காரர்.

“டிவிதானே கூடாது சித்தப்பா. இது கம்ப்யூட்டர்.”

“சத்தம் வருமா?”

“வராது.”

சித்தப்பா கொஞ்சம் யோசித்தார். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு அவன் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். அடுத்த நாளும் வந்தார்.

நான் தஞ்சாவூரில் ஒரு நாளிதழில் இருபத்திரண்டு வருடம் உதவி ஆசிரியராக இருந்தவள். அப்பா போன செய்தி வந்ததும் நான் செய்த முதல் வேலை, இரங்கல் விளம்பரத்தை எழுதியது. ஒன்பது வரி. அச்சுக்குப் போகும் முன் இரண்டு முறை படித்து, ‘ஆழ்ந்த’ என்ற சொல்லை எடுத்துவிட்டேன். அப்பாவின் தலைப்பெழுத்து சரியாக இருக்கிறதா என்று பார்த்தேன். சரியாக இருந்தது. அழுகை வரவில்லை. தம்பி வந்து சேரும்வரை அப்பா ஐஸ் பெட்டிக்குள் இருந்தார். அதன் கண்ணாடியில் உள்பக்கம் படிந்த ஈரம் எவ்வளவு நேரத்துக்கு ஒருமுறை சொட்டாகத் திரள்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தேன். துக்கத்துக்கு வந்த பெண்கள் என்னைக் கட்டிக்கொண்டு அழுதபோது அவர்கள் முதுகைத் தடவிக் கொடுத்தேன்.

அந்த ஆட்டத்தையும் அப்படித்தான் பார்த்தேன். விதி எதுவும் தெரியாததால் மற்றதெல்லாம் கண்ணில் பட்டது. பந்து வீசுகிறவன் ஒரு சின்ன வெள்ளைப் பையைக் கையில் தட்டித் தூக்கிப் போடுகிறான்; விழுந்த இடத்தில் லேசாக மாவு பறக்கிறது. மட்டையோடு வருகிறவன், நிற்க வேண்டிய கட்டத்தின் பின்கோட்டைக் காலாலேயே தேய்த்து அழிக்கிறான். ஆட்டம் பாதிக்கு வரும்போது கோடு பாதிதான் மிச்சம். நடுவர் ஒரு குட்டித் துடைப்பத்தை எடுத்து, மைதானத்துக்கு முதுகைக் காட்டிக் குனிந்து, தரையில் பதித்திருக்கும் வெள்ளைத் தகட்டைத் துடைக்கிறார். பெஞ்சில் இருப்பவர்கள் ஏதோ விதையைக் கடித்துத் தோலைத் துப்புகிறார்கள். சறுக்கி விழுந்தவனின் முழங்காலில் ஒட்டிய செம்மண் அந்த ஆட்டம் முடியும்வரை போவதில்லை. எவன் எந்தக் காலில் விழுந்தானோ அந்தக் காலில் இருக்கிறது. கூரையின் நிழல் கொஞ்சம் கொஞ்சமாக மைதானத்துக்குள் நகர்கிறது. பார்வையாளர்களின் முகங்களை எண்ணிப் பார்த்தேன். மொத்தம் பதினான்கு முகங்கள்தான், சட்டையை மாற்றி மாற்றி உட்கார வைத்திருந்தார்கள்.

நடுவில் ஆட்டம் நிற்கும்போது நாலு பேர் வந்து, சின்னக் கம்பி வலையைக் கயிற்றில் கட்டி இழுத்து மண்ணைச் சமப்படுத்தினார்கள்.

“பரம்படிக்கிறானுவ பாரு,” என்றார் சித்தப்பா. “தண்ணியே இல்லாம பரம்பு.”

“நெசமாவே இப்படித்தான் செய்வாங்க சித்தப்பா. ஆபீஸ்ல ஒருதடவை கூட்டிட்டுப் போனாங்க, பாத்தேன்.”

“மண்ணு இளகலியே. பேருக்கு இழுக்குறான்.”

குத்தாலத்திலிருந்து துக்கம் கேட்க வந்த அம்மா வழி உறவினர் ஒருவர், அப்பாவைப் பற்றி இரண்டு நிமிடம் பேசிவிட்டு, அரை மணி நேரம் திரையைப் பார்த்தார். கிளம்பும்போது தம்பியிடம் தாழ்ந்த குரலில், “எத்தன விக்கெட்டு?” என்றார்.

அடுக்களைக்குப் போகும் வழியில் மாதக் காலண்டர் தொங்கியது. அப்பா குறுவைக்கு நாற்றங்கால் விட்ட நாளிலிருந்து, ஒவ்வொரு தேதிக்கும் கீழே பேனாவால் ஓர் எண் எழுதியிருந்தார். ஒன்று, இரண்டு, மூன்று. அது நாற்றின் வயது. பதினாறோடு நின்றிருந்தது. அன்றைக்குக் காலையில்தான் எழுதியிருக்க வேண்டும், மத்தியானம் இறந்தார். மறுநாள் காலை நான் சிவப்புப் பேனாவால் பதினேழு என்று எழுதினேன். ஏன் எழுதினேன் என்று கேட்டால், வரிசையில் ஓர் எண் விட்டுப்போயிருந்தால் என்னால் கடந்துபோக முடியாது. தினமும் எழுதினேன்.

எங்களுக்கு ஐந்து மா நிலம், ஒன்றரை ஏக்கருக்குக் கொஞ்சம் மேல். அப்பா விட்டது நூற்றுப்பத்து நாள் நெல். அதன் நாற்றை இருபத்தைந்து நாளுக்குள் பறித்து நட்டுவிட வேண்டும். அதைத் தாண்டினால் நாற்றங்காலிலேயே கணு கட்டிவிடும். நட்ட பிறகு தூர் வெடித்துக் கிளைக்காமல் இத்தனூண்டு கதிரை விட்டு முடிந்துவிடும். கருமாதி வரும் நாளில் நாற்றுக்கு வயது முப்பத்தொன்று. அப்பா கையால் ஊறவைத்துத் தெளித்த கடைசி விதை அது. அம்மா அதைப் பற்றி எதுவும் பேசவில்லை. ஆனால் தண்ணீர் குடிக்கப் போகும்போதெல்லாம் காலண்டர் முன்னால் நின்றார்.

ஆற்றில் தண்ணீர் வந்து வாய்க்காலில் ஓடிக்கொண்டிருந்தது. வயலை உழுது போட்டிருந்தார் அப்பா. டிராக்டர்காரரும் கூப்பிட்டால் சேறடிக்க வருவார். தடை ஒன்றே ஒன்று. எங்கள் பக்கத்தில் நடவு ஆட்கள் தாங்களாக முதல் நாற்றை வைக்க மாட்டார்கள். வீட்டு ஆள் ஒருவர் இறங்கி, வடகிழக்கு மூலையில், அதாவது சனி மூலையில், முதல் கொத்தை நட வேண்டும். பிறகுதான் அவர்கள் குனிவார்கள். கொள்ளி வைத்த தம்பி கருமாதிவரை வயலில் கால் வைக்கக்கூடாது. சித்தப்பா பங்காளி, அவருக்கும் பதினாறு நாள் தீட்டு. அம்மாவை யாரும் நினைக்கக்கூட இல்லை.

தம்பி ஆறாம் நாள் சொன்னான்: “இந்தப் போகம் விட்டுடலாம்க்கா. சும்மா கிடக்கட்டும்.”

“நாத்து?”

“மாடு திங்கட்டும்.” கண்ணைத் திரையிலிருந்து எடுக்கவில்லை. “நீ ஒரு தடவை அடிச்சுப் பாரு.” லேப்டாப்போடு இணைத்திருந்த கைப்பிடியை என்னிடம் நீட்டினான்.

விளையாட்டுப் பக்கத்தை நிறைய நாள் பார்த்தவள் நான். கிரிக்கெட் தெரியும். புதிதாக வருகிறவன் முதலில் தடுத்து ஆட வேண்டும் என்று நினைத்து, பந்தை மெதுவாகக் காலடியில் விழும்படி தட்டினேன். என் ஆள் மட்டையைத் தரையில் வீசிவிட்டு ஓட ஆரம்பித்தான்.

“நான் ஓடச் சொல்லலியே. மட்டையை வேற போட்டுட்டான்.”

“இதுல கட்ட போட்டு நிக்க முடியாதுக்கா. பந்து உள்ள விழுந்தா ஓடியே ஆகணும்.”

எதிரணிக்காரன் பந்தை எடுத்து எறிந்தான். என் ஆள் போய்ச் சேருவதற்குள் முடிந்துவிட்டது. மட்டை கிடந்த இடத்திலேயே கிடந்தது. ஒருவன் வந்து எடுத்துப் போனான். அதைக்கூடச் செய்து வைத்திருந்தார்கள்.

சித்தப்பாவுக்கு வேறொரு சந்தேகம். “டேய், இந்தத் தடியன் பெஞ்சுலயே உக்காந்திருக்கான். மத்தவன்லாம் வெயில்ல நிக்கிறான். இவன் மட்டும் அப்பப்ப வந்து அடிச்சிட்டு, திரும்பப் போயி உக்காந்துக்குறான்.”

“அவனுக்கு அதுதான் வேலை. பந்து வீசுறவனுக்குப் பதிலா இவன் அடிப்பான். தரையில நிக்க மாட்டான்.”

“அப்ப இவன் டீமுல சேத்தியா, இல்லியா?”

“சேத்திதான்.”

“நல்ல சேத்தி,” என்றார் சித்தப்பா.

எட்டாம் நாள் காலை பத்து மணிக்கு, நடவுக்குப் பெண்களைக் கூட்டி வரும் அம்மாள் வந்தார். வாசலில் செருப்பை விட்டுவிட்டு, உள்ளே வந்து, அம்மாவின் எதிரில் தரையில் உட்கார்ந்தார். எனக்கு நாற்பத்தாறு வயது. அவருக்கு நான் இன்னும் பாப்பா.

“நாத்தங்காலப் பாத்துட்டுத்தான் வர்றேன். இன்னும் ரெண்டு நாளு. அதுக்கு மேல முத்திப் போயிரும். மூணாம் நாளு பூதலூரு பக்கம் கெளம்பிருவோம். பொறவு என்னைக் கொற சொல்லக்கூடாது.”

“இழவு வீட்டுல யாரு முத நாத்து வைக்கிறது?” என்றார் சித்தப்பா.

“அது ஒங்க வீட்டு விசயம். நாத்துக்கு அதெல்லாம் தெரியாதுங்க.”

திரையில் நடுவர் குனிந்து தகட்டைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

அப்போது அம்மா சொன்னார். எட்டு நாளில் அவர் முழு வாக்கியமாகப் பேசியது அதுதான். “இவளுக்குத்தான் மூணு நாளோட போயிடுச்சே.”

உண்மைதான். கட்டிக்கொடுத்த பெண்ணுக்கு அப்பன் சாவுக்குத் தீட்டு மூன்று நாள். அவள் வேறு வீட்டுக்காரி. நாலாம் நாள் காலையில் என்னை மட்டும் தலை முழுகச் சொன்னார்கள். என் கணவர் அன்று மாலையே தஞ்சாவூருக்குத் திரும்பிவிட்டார். அம்மா சொன்னதில் ஒரு குத்தல் இருந்திருக்கலாம். நான் அதைத் தேடவில்லை. வாக்கியம் சரியாக இருந்தது, அவ்வளவுதான்.

“அதெப்படி அண்ணி?” சித்தப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். “தீட்டு இல்லைன்னா வேற வீட்டுக்காரி. வேற வீட்டுக்காரி நம்ம வயல்ல முத நாத்து வைக்கிறதா? நம்ம வீட்டுக்காரின்னா தீட்டு இருக்கு. ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க.”

அம்மா காலண்டர் இருந்த பக்கம் திரும்பினார். சித்தப்பா என்னைப் பார்த்தார். தம்பியும் பார்த்தான். கையில் இருந்த ஆட்டத்தை நிறுத்தியிருந்தான். பந்து அந்தரத்தில் நின்றது.

“நான் வைக்கிறேன்,” என்றேன். “சேறடிக்க வண்டியை இன்னைக்கே வரச் சொல்லிடுறேன்.”

“தப்பாப் போச்சுன்னா?” என்றார் சித்தப்பா.

“வைக்கலைன்னாலும் போகத்தான போவுது,” என்றார் நடவு அம்மாள், எழுந்துகொண்டே. “பாப்பாவுக்கு நடத் தெரியுமா?”

“தெரியாது.”

“ஒரு கொத்துத்தானே. நான் காட்டுறேன்.”

சித்தப்பா சம்மதமும் சொல்லவில்லை, மறுப்பும் சொல்லவில்லை. செய்தியில் அப்படிப்பட்டவரைப் பற்றி, கருத்துக் கூற மறுத்துவிட்டார் என்று எழுதுவோம்.

பத்தாம் நாள் காலண்டரில் இருபத்தைந்து என்று எழுதிவிட்டு, காலை ஏழு மணிக்கு வயலுக்குப் போனேன். பதினோரு பெண்கள் முந்தின மாலையே நாற்றைப் பறித்து முடி முடியாகக் கட்டி, வயலில் இடம் பார்த்து எறிந்திருந்தார்கள். அவர்கள் வரப்பில் வரிசையாக நின்றார்கள். நான் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கினேன். சேறு கணுக்காலுக்கு மேல் வந்தது. மேல்தண்ணீர் வெதுவெதுப்பாகவும் அடிச்சேறு குளிர்ச்சியாகவும் இருந்தது. சனி மூலைக்குப் போக இருபத்திரண்டு எட்டு வைத்தேன். அப்பா போன வருடம் இதே இடத்தில் இறங்கியிருப்பார் என்று நினைத்துப் பார்த்தேன். அந்த நினைப்பால் எதுவும் ஆகவில்லை.

மூன்று நாற்றைப் பிரித்து வைத்தேன். சாய்ந்து மிதந்தது.

“அழுத்தணும் பாப்பா. வேரு மடங்காம, வெரலோட சேத்து எறக்கு.”

மறுபடி வைத்தேன். நின்றது.

வழக்கமாக இந்த இடத்தில் பெண்கள் குலவை போடுவார்கள். அன்று போடவில்லை. நான் வரப்பில் ஏறிக்கொண்டேன். பதினோரு பேரும் சத்தமில்லாமல் இறங்கிக் குனிந்தார்கள். கொஞ்ச நேரத்துக்குச் சேற்றிலிருந்து கால் பிடுங்கும் ஓசை மட்டும் கேட்டது. பிறகு ஒருத்தி இன்னொருத்தியின் மாமியாரைப் பற்றி ஏதோ சொல்ல, எல்லாரும் சிரித்து, வரப்பில் நின்ற என்னைப் பார்த்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டார்கள்.

வீட்டுக்குத் திரும்பியபோது தம்பியும் சித்தப்பாவும் மேசை முன்னால் இருந்தார்கள். சித்தப்பா என் புடவைக் கரையைப் பார்த்தார். “இன்னைக்கே ஆயிடுமா?”

“நாளைக்கு மத்தியானம் ஆயிடும்.”

“ம்.” திரையின் பக்கம் திரும்பி, தம்பியிடம் கேட்டார்: “நேத்து விழுந்து பெரண்டானே, இவன்தானே அது? சேறு எங்கடா?”

“இது புது மேட்ச் சித்தப்பா. எல்லாத்தையும் துடைச்சிட்டுத்தான் ஆரம்பிக்கும்.”

கோடுகளையும் புதிதாகப் போட்டிருந்தார்கள்.

கருமாதியன்று பந்தியில் நான் மோர் ஊற்றிக்கொண்டு வந்தேன். குத்தாலத்து உறவினர் வந்திருந்தார். வரும் வழியில் எங்கள் வயலைப் பார்த்திருக்கிறார். பச்சை பிடித்துவிட்டதே, பதினாறு நாளுக்குள் யார் முதல் நாற்று வைத்தது என்று பக்கத்து இலையில் இருந்த சித்தப்பாவைக் கேட்டார்.

சித்தப்பா மோர்ச் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார். என் கால்கள் அவர் கண்ணுக்கு நேராக இருந்தன. ஆறு நாள் தேய்த்தும் நகத்தடியில் இருந்த கறுப்பு போயிருக்கவில்லை.

“வீட்டு ஆளுதான்,” என்றார். பிறகு கையால் இலையை மறைத்தார். “மோரு போதும்மா.”

நான் அடுத்த இலைக்குப் போனேன். அங்கே ஊற்றும்போது மோர் இலைக்கு வெளியே சிந்தியது.