ஒரே வீட்டில் இரண்டு மரியா

என் அம்மாவின் வேலை போனதற்குக் காரணம் என் சித்தி. இதைச் சுற்றி வளைத்துச் சொல்ல எனக்கு வராது.

அமீரகத்தில் அல் ஐன் ஊரில் ஒரே க்ளினிக்கில் இருவரும் நர்ஸ். சித்தி அங்கே வந்த புதிது, எங்களோடுதான் இருந்தாள். எங்கள் கடற்கரையில் பெண் பிறந்தால் முதலில் மரியாவைப் போட்டுவிட்டுத்தான் மற்றதை யோசிப்பார்கள். வீட்டில் கூப்பிடுவது பின்னால் வரும் பெயரை. கல்யாணத்துக்குப் பிறகும் அம்மா பாஸ்போர்ட்டில் தாத்தாவின் பெயரை மாற்றவில்லை. க்ளினிக் அட்டையில் முதல் பெயரும் அப்பா பெயரும் மட்டும்தான் போடுவார்கள்; அதனால் அக்கா தங்கை இருவர் சட்டையிலும் ஒரே பெயர் எழுதிய அட்டை.

ஒருநாள் தடுப்பூசி மருந்து வைக்கும் ஃபிரிட்ஜை யாரோ சரியாக மூடாமல் போக, மருந்தெல்லாம் கெட்டுப்போனது. கடைசியாகப் பூட்டிக் கிளம்பியது யார் என்று கேட்டதற்குக் காவலாளி "மரியா சிஸ்டர்" என்றார். எந்த மரியா என்று அவருக்குச் சொல்லத் தெரியவில்லை. எனக்குத் தெரியும். அன்று அம்மா முன்னதாகவே வீட்டுக்கு வந்து எனக்குச் சோறு போட்டாள். சித்தி பிறகுதான் வந்தாள்.

அந்த வெள்ளிக்கிழமை க்ளினிக்கை நடத்தும் மேடம் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்தார். கனடாவில் பிரெஞ்சு பேசும் கியூபெக்காரர். லீவு நாளெல்லாம் தன் முன்னோர்களைத் தேடுவதுதான் அவருக்குப் பொழுதுபோக்கு. கையோடு கொண்டுவந்த வம்ச வரைபடத்தைத் தரையில் விரித்தார். இரண்டாம் வகுப்பு படித்த நான் எழுத்துக்கூட்டிப் படித்தேன். மரி, மரி, மரி. பெண்கள் எல்லோரும் மரி.

"யக்கா, இவங்க ஊர்லயும் மரியானு கூப்பிட்டா பாதிப் பொம்பளைய திரும்புவாளுவ போல" என்றாள் சித்தி.

"சும்மா கெட. அவங்க சொல்லட்டும்" என்றாள் அம்மா.

மேடம் சொன்னார். மரி என்பது எல்லோருக்கும் போடுவது, கூப்பிடும் பெயர் கடைசியில் இருக்கும். கல்யாணம் ஆனாலும் சர்ச் பதிவில் பெண் அப்பா வீட்டுப் பெயரோடே இருப்பாள், அதை வைத்துத்தான் ஆளைப் பிடிப்பது. ஆனால் அக்கா தங்கை இருவரையுமே வெறும் மரி என்று எழுதி வைத்திருந்தால் அதுவும் உதவாது. ஒருத்தியின் பிள்ளையை இன்னொருத்தியின் கீழே எழுதி, பல மாதம் தப்பான கிளையில் ஏறிக்கொண்டிருந்தாராம். செத்தவர்களிடம் கேட்க முடியாது, உங்களிடம் கேட்கலாம் என்று சொல்லிப் பென்சிலைக் கீழே வைத்தார்.

"அன்னைக்குப் பூட்டினது எந்த மரி?"

சித்தி தட்டில் மீன் முள் எடுத்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை. அம்மா அவளை ஒரு தரம் பார்த்துவிட்டு, "நான்தான் மேடம்" என்றாள்.

வகுப்பில் முதலில் பதில் சொல்பவர்களுக்கு நாங்கள் கை தட்டுவோம். நான் கை தட்டினேன். மேடம் சிரிக்கவில்லை. நிச்சயம்தானா என்று இன்னொரு முறை கேட்டார், சித்தியைப் பார்த்து. சித்தி குழம்பு ஊற்றிக்கொண்டாள்.

அந்த மாதத்தோடு அம்மாவுக்கு வேலை போனது. கூடவே க்ளினிக் கொடுத்த வீடும். அப்பா முசஃபாவில் தொழிலாளர்கள் தங்கும் கேம்புக்குப் போனார், நானும் அம்மாவும் ஊருக்கு வந்தோம். ஏன் என்று கேட்டேன். "உனக்கு ஊர் ஸ்கூலுதான் நல்லது" என்றாள். நம்பினேன். புதிதாய் வந்தவளை உடனே அனுப்பிவிடுவார்கள், பழைய ஆளான தன்னை மன்னிப்பார்கள் என்று அம்மா நினைத்திருக்கிறாள். கை தட்டிய எனக்கு அது தெரியவில்லை. அதற்குப் பிறகு அப்பாவை லீவில்தான் பார்த்தேன்.

அம்மா இன்றுவரை தங்கையை ஒரு வார்த்தை கேட்டதில்லை. நான் கேட்கிறேன். சித்தி இப்போது ஓமானில், சலாலாவில் தலைமை நர்ஸ். என் கல்யாணத்துக்கு வருகிறாள். கோயில் ஹாலில் மைக் இருக்கும். பந்திக்கு உட்காரும் முன் அதைக் கையில் பிடித்து, சொந்தக்காரர்கள் அத்தனை பேர் காதிலும் விழும்படி அவள் பதில் சொல்ல வேண்டும்: அன்றைக்குப் பூட்டியது யார்?